நாற்காலியும் நமது கால்களும்

(தாமிரபரணிக் கரையிலுள்ள ஓர் ஊரில் நடந்த பொதுக்கூட்டத்தில் நாம் பேசியதன் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக் கொண்ட விஷயம் உடல் பருமனைப் பற்றியும், உட்கார்ந்தே காலங்கழிப்பதைப் பற்றியும், அதிலிருந்து மீளும் வழியைப் பற்றியுமாகும். இதைக் கேட்டதும் சில தோழர்கள், "பகுத்தறிவுக் கூட்டத்தில் தொப்பையைப் பற்றி என்ன பேச்சு? அதை வைத்தியர் பார்த்துக் கொள்ள மாட்டாரா?" என்று கேட்டார்கள். கண்ணால் பார்த்து, நூலால் அளந்து, கணக்குப் போட்டுத் தெரிந்து கொள்ளக் கூடிய ஒரு காரியத்தைத் தலையெழுத்தென்றும், கிரக பலனென்றும், வம்சத்தின் வாகென்றும் சொல்லிக் கைவிட்டு விடுகிற இடம் எதுவோ அதுவே பகுத்தறிவுக்கு வேலையுள்ள இடமாகும். தொப்பையும் அப்படிப்பட்ட இடந்தான்.

முதலில் ஒரு வேண்டுகோள். நமக்கு முன் இரண்டு தோழர்கள் பேசினார்கள். ஒரு மணி நேரமாக நீங்கள் உட்கார்ந்தபடியே இருக்கிறீர்கள். முடிந்தவர்கள் ஐந்து நிமிஷம் எழுந்து நின்று கேளுங்கள். நமக்கு மரியாதை செய்வதற்காக எழுந்திருக்கச் சொல்லவில்லை. உங்கள் கால்களுக்கு நீங்களே மரியாதை செய்து கொள்வதற்காகச் சொல்லுகிறோம்.

தோழர்களே! சென்ற வருஷம் ஒருநாள் நாம் வீட்டிலிருந்து கடைத்தெருவுக்கு நடந்து போனோம். தூரம் முக்கால் மைல்கூட இராது. வழியில் நாலு பேர் நம்மை நிறுத்தினார்கள். நாலு பேரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "என்ன அண்ணாச்சி, வண்டி ரிப்பேரா? நடந்து போறிய?" ஒருவர் நம்மேல் இரக்கப்பட்டுத் தம் மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏறிக் கொள்ளச் சொன்னார். இதில் அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அன்பினால்தான் கேட்டார்கள். ஆனால் அந்தக் கேள்விக்குள் என்ன இருக்கிறதென்று யோசித்துப் பாருங்கள். கையில் நாலு காசு உள்ளவன் நடக்கமாட்டான். நடக்கிறவனுக்கு ஏதோ கஷ்டம் வந்திருக்க வேண்டும் என்கின்ற எண்ணமல்லவா இருக்கிறது?

இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது? நமது ஆற்றங்கரை நஞ்சையை எடுத்துக் கொள்ளுங்கள். பாபநாசத்திலிருந்து ஸ்ரீவைகுண்டம் வரை அணைக்கட்டுகளும் கால்வாய்களும் நிரம்பி, நெல் விளைந்த பூமி இது. சேற்றில் இறங்கி உழுதவனையும், குனிந்து நாற்று நட்டவளையும் கீழானவர்கள் என்றார்கள். வரப்பில் நின்று மேற்பார்த்தவனைக் கொஞ்சம் மேலானவன் என்றார்கள். வயல் எந்தத் திசையில் இருக்கிறதென்றுகூடத் தெரியாமல் திண்ணையில் உட்கார்ந்து குத்தகை நெல்லை அளந்து வாங்கிக் கொண்டவனை எல்லோருக்கும் மேலானவன் என்றார்கள். மனிதனைப் பிரிக்கும்போது முகத்தில் பிறந்தவன் என்று ஆரம்பித்துக் கடைசியில் காலில் பிறந்தவன் என்று முடித்தார்கள். உழைக்கிற காலுக்கு இழிவு, உட்காருகிற இடத்துக்கு உயர்வு என்பதே இந்தத் தேசத்தின் ஜாதி முறையினுடைய சாரமாகும்.

பிறகு காலம் மாறிற்று. பாடுபட்டவனுடைய பிள்ளைகள் படித்தார்கள். போராடி நாற்காலியைப் பெற்றார்கள். அது நியாயமானது. இன்னும் பெற வேண்டியதும் உண்டு. "பழையபடி ஏரைப் பிடி, ஏற்றம் இறை, உடம்பு நன்றாக இருக்கும்" என்று எவனாவது சொன்னால் அவனை நம்பாதீர்கள். அந்தக் காலத்துக் கூலியாள் பட்டினியால் மெலிந்தானே யொழிய ஆரோக்கியத்தால் மெலியவில்லை. ஆனால் நாற்காலியை வாங்கின நாம் அதனோடு கூடவே திண்ணைக்காரனுடைய புத்தியையும் சேர்த்து வாங்கிக் கொண்டோம். நாலு கால் கிடைத்ததும் சொந்தக் கால் இரண்டையும் மறந்து விட்டோம். நாம் இன்று சொல்ல வந்தது இதுதான்.

இதன் பலன் என்ன? தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 2015-16-இல் அதிக எடையுள்ள பெண்கள் 100-க்கு 31 பேர். 2019-21-இல் 40 பேர். ஆண்கள் 28-லிருந்து 37 பேராகி விட்டார்கள். நான்கைந்து வருஷத்தில் இவ்வளவு பேருடைய தலையெழுத்தும் ஒரே மாதிரி மாறிற்றா? சனி பகவான் தமிழ்நாடு முழுவதிலும் ஒன்றாகக் கூடாரம் போட்டுவிட்டாரா? தலையெழுத்து மாறவில்லை, நாம் தின்பதும் உட்காருவதும்தான் மாறின.

இனி நமது சொந்தக் கதையைச் சொல்லுகிறோம். நாம் ஒரு கடையில் 20 வருஷத்துக்கு மேல் கணக்கெழுதினவர்கள். காலை 9 மணிக்கு உட்கார்ந்தால் இரவு 9 மணிக்கு எழுந்திருப்போம். தேநீர் உட்கார்ந்த இடத்துக்கே வரும். வீட்டுக்கு வந்தால் சோறு, பிறகு டிவி, பிறகு படுக்கை. படியேறினால் மூச்சு வாங்கிற்று. சோம்பலென்று நினைத்தோம். சொந்தக்காரர் ஒருவர் வற்புறுத்தியதால் ஜாதகம் பார்க்கப்பட்டது. ஏழரைச் சனி நடக்கிறதென்றும், எள் விளக்குப் போட வேண்டுமென்றும் சொல்லப்பட்டது. இவ்வளவு காலம் மேடையேறி மூடநம்பிக்கையைக் கண்டித்த நாம் அதற்குச் சம்மதிக்கவில்லை. ஆனால் அதைவிடப் பெரிய மூடத்தனம் ஒன்றைச் செய்தோம். ஒரே மாதத்தில் பத்துக் கிலோ குறையும் என்று விற்கப்பட்ட சூரணம் ஒன்றை வாங்கி மூன்று மாதம் தின்றோம். குறைந்தது பணம் ஒன்றுதான். எள் விளக்குக்கும் அந்தச் சூரண டப்பாவுக்கும் என்ன வித்தியாசம்? இரண்டும் "நீ ஒன்றும் செய்ய வேண்டாம், காசைக் கொடு, நடந்துவிடும்" என்றே சொல்லுகின்றன.

கடைசியில் அரசாங்க ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம். அங்கிருந்த நர்ஸம்மாள் எடை பார்த்தார்கள்: 84 கிலோ. உயரம் 165 சென்டிமீட்டர். இடுப்பைச் சுற்றி நாடாவைப் பிடித்தார்கள்: 104 சென்டிமீட்டர். நம் நாட்டவருக்கு வைத்தியர்கள் வைத்திருக்கிற எல்லை ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர். இரத்தத்தில் சர்க்கரையும் எல்லையைத் தொட்டுக் கொண்டிருந்தது. "இன்னும் வியாதியாகவில்லை, ஆனால் வாசற்படியில் நிற்கிறது" என்றார்கள். அந்த நாடா சொன்ன உண்மையை நமக்கு அதுவரை எந்த ஜாதகமும் சொல்லவில்லை.

இதில் நடப்பதனால் என்ன ஆகும் என்பதற்கு ருசு உண்டா என்று கேளுங்கள். கேட்கத்தான் வேண்டும். லண்டன் நகரத்தில் ஜெரிமி மோரிஸ் என்ற வைத்தியர் இரண்டடுக்குப் பஸ்களில் வேலை செய்தவர்களைப் பற்றி ஆராய்ந்து 1953-இல் வெளியிட்டார். ஒரே பஸ், ஒரே கம்பெனி, ஏறக்குறைய ஒரே தரத்து மனிதர்கள். டிரைவர் நாள் முழுதும் உட்கார்ந்திருக்கிறார். கண்டக்டர் நாள் முழுதும் மாடிப்படி ஏறி இறங்குகிறார். மாரடைப்பு நோய் டிரைவர்களுக்கே அதிகம் வந்தது. கண்டக்டர்களுக்குக் குறைவாகவும், வயது கடந்தும் வந்தது. அதோடு அவர் நிற்கவில்லை. "ஒருவேளை டிரைவராகச் சேருகிறவர்கள் சேரும்போதே பருத்தவர்களோ?" என்று தம் முடிவையே சந்தேகித்து, அவர்களுக்குக் கம்பெனி தைத்துக் கொடுத்த உடுப்புகளின் இடுப்பளவை எடுத்துப் பார்த்தார். டிரைவர்களின் இடுப்பு ஆரம்பத்திலேயே பெரிதாகத்தான் இருந்தது. அதையும் மறைக்காமல் 1956-இல் எழுதினார். பிற்பாடு பல நாடுகளில் பல தினுசாகச் சோதித்த பிறகே, உடலை அசைப்பது இருதயத்தைக் காக்கிறதென்பது உறுதிப்பட்டது. தன் கொள்கைக்கு விரோதமான ருசுவையும் தானே தேடுகிறவன் எவனோ அவனே பகுத்தறிவாளன்.

லண்டன் நமக்குத் தூரமென்றால் சென்னைக்கு வாருங்கள். சர்க்கரை வியாதியின் வாசற்படியில் நின்ற 531 பேரை வைத்து டாக்டர் ஏ. இராமச்சந்திரனும் அவருடன் இருந்தவர்களும் நடத்திய ஆராய்ச்சி 2006-இல் வெளிவந்தது. சும்மா விடப்பட்டவர்களில் மூன்று வருஷத்துக்குள் 100-க்கு 55 பேருக்கு வியாதி வந்துவிட்டது. சாப்பாட்டை ஒழுங்கு செய்து, தினம் நடந்தவர்களில் 39 பேருக்கே வந்தது. மாத்திரை கொடுக்கப்பட்டவர்களுக்குக் கிடைத்த பலனும் ஏறக்குறைய அவ்வளவே. இதில் முக்கியமான சங்கதி ஒன்றுண்டு. நடந்தவர்களுடைய எடை அப்படியொன்றும் குறைந்து விடவில்லை. எடை குறையாமலே வியாதி தள்ளிப் போயிற்று! ஆகவே, "ஒரு மாதம் நடந்தேன், தராசு அசையவில்லை" என்று செருப்பைக் கழற்றிப் பரணில் போட்டு விடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தராசுக்குத் தெரியாத நன்மை உள்ளே நடந்து கொண்டிருக்கும்.

அப்படியானால் எடை குறைய வழியென்ன? நாம் கணக்கெழுதினவர்களானதால் கணக்காகவே சொல்லுகிறோம். 80 கிலோ எடையுள்ளவர் அரைமணி நேரம் வேகமாக நடந்தால் ஏறக்குறைய 140 கலோரி செலவாகும். ஒரு தேநீருக்கு இரண்டு கரண்டி, அதாவது 10 கிராம் சர்க்கரை என்றால், அதில் 40 கலோரி. நாளைக்கு ஐந்து தேநீர் குடித்தால் சர்க்கரையில் மட்டும் 200 கலோரி. ஆகவே காலையில் அரைமணி நடந்து சம்பாதித்ததை மாலைக்குள் தேநீர்க் கடையில் தொலைத்துவிட்டு மேற்கொண்டு கடனும் வைக்கிறோம். பக்கத்தில் இரண்டு வடையும் வைத்துக் கொண்டால் கணக்கு என்ன ஆகுமென்று நீங்களே பார்த்துக் கொள்ளுங்கள். நமது ஊர் அல்வாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது கோதுமைப் பாலும், சர்க்கரையும், நெய்யும் சேர்ந்தது. கிராம் ஒன்றுக்குச் சர்க்கரையில் 4 கலோரியும் நெய்யில் 9 கலோரியும் இருக்கின்றன. அல்வாவை ஒழித்துவிடுங்கள் என்று சொல்லி இந்த ஜில்லாவில் எவரும் உயிரோடு திரும்ப முடியாது. விருந்தாளி வந்த அன்று ஒரு துண்டு தின்னுங்கள். தினப்படிக் கணக்கில் எழுதாதீர்கள் என்றுதான் சொல்லுகிறோம்.

பட்டினியும் வேண்டாம். பகலெல்லாம் விரதமிருந்து, இரவில் பலகாரமென்ற பேரால் வெல்லமும் எண்ணெயுமாகத் தின்பதனால் எந்த எடையும் குறையாது. தட்டில் பாதி காய்கறியும் கீரையும், கால் பங்கு சோறு, கால் பங்கு பருப்போ, பயறோ, முட்டையோ, சாளை மீனோ இருக்கட்டும். மலைமலையாகச் சோற்றைக் குவித்து ஓரத்தில் ஒரு கரண்டி காய் வைக்கிற வழக்கத்தைத் தலைகீழாக மாற்றுங்கள். பசி அடங்கும்; சோறு குறையும்.

சில தாய்மார்கள், "கோயிலை 108 சுற்றுச் சுற்றினோம், உடம்பு லேசாயிற்று" என்று சொல்லுகிறார்கள். பொய் சொல்லவில்லை, உண்மையாகவே லேசாகியிருக்கும். ஆனால் சுற்றினது யாருடைய கால்? நெற்களத்தை 108 தரம் சுற்றினாலும், குளக்கரையைச் சுற்றினாலும் அதே பலன் கிடைக்குமா கிடைக்காதா என்று ஒரு மாதம் சோதித்துப் பாருங்கள். நடந்த காலுக்குச் சேர வேண்டிய கூலியைக் கல்லுக்குக் கொடுக்க வேண்டாமென்று மட்டுமே கேட்டுக் கொள்ளுகிறோம்.

இனி மிகவும் முக்கியமானதைச் சொல்லுகிறோம். சென்ற மாதம் முக்கூடல் பக்கத்தில் பீடி சுற்றுகிற தாய்மார்களிடம் போய் இந்த நடைப் பிரசங்கத்தைச் செய்தோம். மடியில் சுளகு, அதில் இலையும் தூளும். காலை மடக்கி உட்கார்ந்தால் உச்சிப்பொழுது வரை எழுந்திருப்பதில்லை. ஒரு அம்மாள் தலை நிமிராமலே சொன்னார்கள்: "நீங்க சொல்லது சரிதான் அண்ணாச்சி. ஒருக்கா எந்திச்சா ஆயிரத்துல அம்பது கொறையும். அந்தக் காச நீங்களா தருவிய?" நமக்குப் பதில் வரவில்லை. உள்ளபடியே வெட்கமாக இருந்தது. கணக்குப் பார்த்துக் கூலி கொடுக்கப்படுகிறவளிடம் போய், "நீ சோம்பேறி, ஆகையால் பருத்தாய்" என்று சொல்லுவது அறிவீனம் மாத்திரமல்ல, அக்கிரமமுமாகும். அவள் உட்கார்ந்திருப்பது சுகத்துக்காக அல்ல, சோற்றுக்காக.

உலக அளவில் 2024-இல் வெளியான ஒரு கணக்குப்படி, இந்தியாவில் வயதுவந்த பெண்களில் 100-க்கு 57 பேரும், ஆண்களில் 42 பேரும் போதிய அளவு உடலை அசைப்பதில்லை. பெண்கள் ஏன் அதிகம்? காலை ஆறு மணிக்கு ஓர் ஆண் தெருவில் கைவீசி நடந்தால் ஆரோக்கியம் பேணுகிறான் என்கிறோம். ஒரு பெண் நடந்தால் "எங்கே போகிறாள்? யாரைப் பார்க்கப் போகிறாள்?" என்று கேட்கிறோம். அவள் நடக்கப் போனால் அடுப்பை யார் பார்ப்பது என்றும் கேட்கிறோம். தோழர்களே! உங்கள் தொப்பையைக் குறைக்கிற அந்த அரைமணி நேரத்தை உங்கள் மனைவியல்லவா அடுப்படியில் நின்று உங்களுக்குத் தருகிறாள்? ஒருநாள் நீங்கள் நடங்கள். மறுநாள் நீங்கள் அடுப்பைப் பார்த்துக் கொண்டு அவளை அனுப்புங்கள். அல்லது இருவரும் சேர்ந்து நடந்து, இருவரும் சேர்ந்து சமையுங்கள். நடக்கத் தனியிடம் தேடியலையவும் வேண்டாம். பாளையில் வ.உ.சி. மைதானமிருக்கிறது, டவுனில் நாலு ரத வீதியிருக்கிறது, கிராமத்தில் கால்வாய்க் கரை இருக்கிறது. ஆனால் அங்கே விளக்கு வேண்டும். சாக்கடைக்கு மூடி வேண்டும். பெண்களைக் கேலி செய்யாத ஆண்கள் வேண்டும். இவற்றை நகராட்சியிலும் பஞ்சாயத்திலும் கேட்டு வாங்குவதும் உடற்பயிற்சியைச் சேர்ந்த காரியமே. பீடித் தொழிலாளிக்கு எழுந்து நிற்க அவகாசமுள்ள கூலி வேண்டுமென்று கேட்பதும் அதைச் சேர்ந்ததே.

இனி என்ன செய்ய வேண்டுமென்பதைச் சுருக்கமாகச் சொல்லுகிறோம்.

முதலாவது, அளந்து கொள்ளுங்கள். ஒரு நூலை எடுத்துத் தொப்புளையொட்டி இடுப்பைச் சுற்றி, மூச்சை இழுத்துப் பிடிக்காமல் அளந்து எழுதி வையுங்கள். வயிற்றை உள்ளிழுத்து அளப்பது கணக்கில் பொய்யெழுதுவதற்குச் சமானமாகும்.

இரண்டாவது, உட்கார்ந்து வேலை செய்கிறவர்கள் அரைமணிக்கு ஒருமுறை இரண்டு நிமிஷம் எழுந்து நடவுங்கள். தண்ணீர்ச் செம்பைக் கைக்கெட்டும் இடத்தில் வையாமல் அடுத்த அறையில் வையுங்கள். செல்போனில் பேசும்போது நின்று பேசுங்கள்.

மூன்றாவது, வாரத்துக்கு 150 நிமிஷமாவது வேகமாக நடக்க வேண்டுமென்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் யோசனை. அதாவது ஐந்து நாளைக்கு அரைமணி வீதம். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுவே வேகத்துக்கு அளவு. ஒரேயடியாக முடியாவிட்டால் பத்துப் பத்து நிமிஷமாக நடவுங்கள். நேற்றுவரை நடக்காதவர்கள் இன்று பத்து நிமிஷத்தோடு நிறுத்திக் கொள்ளுங்கள்.

நான்காவது, வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுங்கள். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் பத்துத் தரம் எழுந்து உட்காருவதும், தண்ணீர்க் குடத்தைத் தூக்குவதும் இதில் சேரும்.

ஐந்தாவது, மார்வலி உள்ளவர்களும், சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மருந்து சாப்பிடுகிறவர்களும் முதலில் வைத்தியரைக் கேட்க வேண்டும். நடக்கிறோமென்று மாத்திரையைத் தாமாக நிறுத்தவே கூடாது. சர்க்கரை உள்ளவர்கள் வெறுங்காலோடு நடக்கலாகாது.

நம்முடைய கணக்கையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். ஒரு வருஷத்தில் 84 கிலோ 77 ஆயிற்று. இடுப்பு 104 சென்டிமீட்டர் 96 ஆயிற்று. இன்னும் 90-க்கு வரவில்லை. நடுவில் மழைக்காலத்தில் இரண்டு மாதம் நின்று போய், இரண்டு கிலோ திரும்பி வந்ததும் உண்டு. ஆனால் சர்க்கரை வாசற்படியை விட்டுத் தெருவில் இறங்கியிருக்கிறது. படியேறினால் மூச்சு வாங்குவதில்லை. இதில் அற்புதம் ஒன்றுமில்லை. அற்புதம் ஒன்றுமில்லை என்பதுதான் உங்களுக்கு நாம் கொண்டு வந்திருக்கிற நல்ல செய்தி. அற்புதமானால் நமக்கு நடந்தது உங்களுக்கு நடக்காது. காரண காரியமானால் உங்களுக்கும் நடக்கும்.

ஆகவே தோழர்களே! நாற்காலியை விட்டுவிடாதீர்கள். அது நம் முன்னோர்களுக்கு மறுக்கப்பட்டது. நாம் போராடி வாங்கினது. ஆனால் அதிலிருந்து எழுந்திருக்கிற உரிமையும் நம்முடையதே. காலைக் கேவலமென்று சொல்லிக் கொடுத்தவனுடைய வார்த்தையை நமது உடம்பு இனிமேலும் கேட்க வேண்டியதில்லை. கூட்டம் முடிந்ததும் பக்கத்துத் தெருக்காரர்கள் மோட்டார் சைக்கிளை உருட்டிக் கொண்டாவது நடந்து போங்கள். வழியில் எவராவது "வண்டி ரிப்பேரா?" என்று கேட்டால், "வண்டி நன்றாகத்தானிருக்கிறது, உடம்பைத்தான் ரிப்பேர் செய்து கொண்டிருக்கிறேன்" என்று சொல்லி, அவரையும் இறக்கிக் கூட்டிக் கொண்டு போகும்படி கேட்டுக் கொண்டு இத்துடன் முடித்துக் கொள்ளுகிறோம்.